சுவையும் இரக்கமும்: சிங்கி இறால் றோல் குறித்த ஓர் அறவியல் நோக்கு

நல்ல உணவு என்று கூறும்பொழுது 'நல்ல' என்னும் அடைமொழி இருவேறு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. நாவுக்கு இனியது என்பது ஒன்று. உண்பதற்குத் தகுந்தது என்பது மற்றொன்று. நாளாந்த வாழ்வில் இவ்விரு பொருள்களும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று இடையூறு செய்வதில்லை. சோறும் பருப்பும் உண்பவர் அது இனியதா என்று மட்டுமே கேட்கின்றார். தகுந்ததா என்று கேட்கவேண்டிய தேவை அவருக்கு எழுவதில்லை. ஆயின், சில உணவுகளில் இவ்விரு பொருள்களும் எதிரெதிரே வந்துநின்று விடை கோருகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரமாகிய நியூ இங்கிலாந்துப் பகுதியில் புகழ்பெற்று விளங்கும் சிங்கி இறால் றோல் அத்தகைய உணவுகளுள் ஒன்றாகும்.

ஆட்டிறைச்சியையோ கோழியிறைச்சியையோ விடுத்து இப்பண்டத்தை ஆராய்வுக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இக்கால நகர வாழ்வில் ஏனைய இறைச்சிகள் யாவும் சமையலறைக்கு வருமுன்னரே உயிர் நீங்கியனவாகிவிடுகின்றன. கொல்பவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர், சமைப்பவர் வேறொருவர். சிங்கி இறாலோ உயிருடனேயே அடுப்படிக்கு வருகின்றது. அதனைக் கொல்லும் பொறுப்புச் சமைப்பவரையே சாருகின்றது. ஆதலால் உயிர்க்கொலை பற்றிய வினா இங்கு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. கொதிக்கும் நீரின் முன்னே கையில் ஓர் உயிரோடு நிற்கும் மனிதரின் வினாவாக அது மாறிவிடுகின்றது. சுவையை நாடுவோர் அவ்வினாவுக்கு அளிக்கத்தக்க விடை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டமும் அதன் வரலாறும்

இலங்கைச் சிற்றுண்டிச்சாலைகளில் 'றோல்ஸ்' என வழங்கும் பொரித்த பண்டத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. வெண்ணெய் தடவி வாட்டிய நீண்ட பணிஸ் ஒன்றினுள் வேகவைத்த சிங்கி இறாலின் சதையை நிரப்பி உண்பதே இது. இதற்குப் பயன்படும் இறாலும் இலங்கைக் கடலில் அகப்படும் இறாலினின்றும் வேறானது. இலங்கைக் கரையோரத்துச் சிங்கி இறாலுக்கு முட்கள் நிறைந்த நீண்ட உணர்கொம்புகள் உள; பெரிய கொடுக்குகள் இல்லை. வட அத்திலாந்திக்கின் குளிர்ந்த நீரில் வாழும் அமெரிக்கச் சிங்கி இறாலுக்கோ பருத்த இரு கொடுக்குகள் உண்டு. அக்கொடுக்குகளின் மென்மையான சதையும், அவற்றை உடலோடு பொருத்தும் மூட்டுகளின் சதையுமே றோலுக்குத் தனிச்சுவை அளிப்பவை.

இன்று செல்வர் உணவாகக் கருதப்படும் இவ்வுயிரி ஒருகாலத்தில் வறுமையின் அடையாளமாயிருந்தது. பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநராக விளங்கிய வில்லியம் பிராட்போர்ட், 1623ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து புதியோர் வந்திறங்கியபோது அவர்களை உபசரிக்கப் பாண்கூட இன்றிச் சிங்கி இறாலும் மீனும் ஊற்றுநீருமே தம்மவரிடம் இருந்தமையைக் குறைபாடாகவே குறித்துவைத்துள்ளார். கரையில் ஏராளமாகக் கிடைத்த இறால் ஏழைகளின் உணவாகவும் வயல்களுக்கு உரமாகவும் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகரத்திலடைக்கும் தொழிலும் புகையிரதப் பாதைகளும் அதனை உள்நாட்டு நகரங்களுக்குக் கொண்டுசென்றன. கோடை விடுமுறைக்குக் கரையோரம் வந்த நகரத்தார் அதன் சுவையைக் கண்டுகொண்டனர். வரவு குறையக் குறைய மதிப்பு உயர்ந்தது. விலங்கு மாறவில்லை; அதனைப் பார்த்த கண்களே மாறின. எனவே, சுவை என்பது நாவின் இயற்கை மாத்திரமன்று, சமூக மதிப்பீடுகளாலும் ஆக்கப்படுவது என்பது இவ்வரலாற்றால் புலனாகின்றது. 'இச்சுவையின்றி வாழ இயலாது' என்று எவரேனும் வாதிடுவாராயின், அவருடைய வாதத்தின் வலுவை மதிப்பிடும்போது இது மனங்கொள்ளத்தக்கது.

றோலின் தோற்றத்தைக் கனெற்றிக்கற் மாநிலத்து மில்போட் நகரில் 1929ஆம் ஆண்டளவில் இயங்கிய ஓர் உணவகத்தோடு தொடர்புபடுத்துவது வழக்கம். அங்கு சூடான சதை உருக்கிய வெண்ணெயுடன் பரிமாறப்பட்டது. வடக்கேயுள்ள மேய்ன் மாநிலத்திலோ குளிர்ந்த சதையைச் சிறிதளவு மயோனேஸுடன் கலந்து பரிமாறும் முறை நிலைபெற்றது. எது சிறந்தது என்னும் வழக்கு இரு சாராரிடையேயும் இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

ஆக்கலும் உண்டலும்

ஒரு றோலுக்கு ஏறத்தாழ ஓர் இறால் வேண்டும். ஒன்றேகால் றாத்தல், அதாவது 570 கிராம் அளவு நிறையுள்ள இறாலிலிருந்து எடுக்கத்தக்க சதை அந்நிறையின் ஐந்திலொரு பங்கு அல்லது அதனிலும் சற்று அதிகமாகவே இருக்கும். கடல்நீரளவு உப்புக்கரிக்கும் கொதிநீரில் எட்டு முதல் பத்து நிமிடம் வரை வேகவைத்தால் போதும். அதற்கு மேற்படின் சதை இறுகி நாரெனக் கடினப்படும். வெந்ததும் குளிரவைத்து, கொடுக்கு, மூட்டு, வால் ஆகியவற்றின் ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து, வாலின் நடுவே ஓடும் குடலை நீக்கி, ஒரு வாய்க்கு அடங்கும் துண்டுகளாக்கிக் கொள்ளல் வேண்டும். பொடியாக அரிந்தால் சதையின் தன்மை கெடும்.

மேய்ன் முறையில் ஆக்குவோர் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும் அளவுக்கு மட்டும் மயோனேஸ் சேர்ப்பர். சில துளி எலுமிச்சம்புளியும் சிறிது உப்பும் போதும். செலறித் தண்டைப் பொடியாக அரிந்து சேர்ப்போரும் உளர். கனெற்றிக்கற் முறையில் வெண்ணெய் ஒன்றே துணை. பணிஸ் பக்கவாட்டில் அன்றி மேற்புறத்தில் பிளக்கப்பட்டதாக இருத்தல் மரபு. அதன் இரு பக்கங்களும் மேலோடு இன்றித் தட்டையாக இருப்பதால் வெண்ணெய் தடவிய தட்டில் பொன்னிறமாக வாட்டுவது எளிது. ஓடுகளை வீசிவிடாது அவித்தெடுத்தால் சாறு கிடைக்கும்; அது மறுநாள் சூப்புக்கு உதவும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், நல்ல றோலின் இலக்கணம் அடக்கமே என்பது தெளிவாகும். மிளகாய், உள்ளி, கடுகு முதலாயவற்றைச் சேர்த்துத் தன் திறமையைக் காட்ட விழைபவர் இறாலின் இன்சுவையை இழக்கின்றார். பொருளின் இயல்பை அறிந்து, அதற்கு வேண்டிய அளவுக்கு மேல் எதனையும் செய்யாது விடுவதே இங்கு கலையாகின்றது. உண்பவருக்கும் இது பொருந்தும். வாட்டிய பணிஸின் சூடு தணிவதற்குள், அதன் மொறுமொறுப்பும் சதையின் குளிர்ச்சியும் ஒருங்கே வாயில் படுமாறு உண்ணல் வேண்டும். காத்திருந்தால் இரண்டும் கெடும். ஆகவே, இவ்வுணவைச் சுவைத்தல் என்பதே ஒருவகைக் கவனித்தலாகும். ஆயின், இக்கவனம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது? வெந்த சதையைப் பற்றி இத்துணை நுண்ணிய கவனம் செலுத்துவோர், அச்சதை பத்து நிமிடங்களுக்கு முன்னர் எந்நிலையில் இருந்தது என்பதைக் கவனியாது விடுதல் முறையாகுமா? அறவியல் வினா இவ்விடத்திலேயே எழுகின்றது.

கொதிநீரும் நோவும்

சிங்கி இறாலை உயிருடன் சமைப்பதற்குக் காரணம் கொடுமையில் நாட்டமன்று. அது இறந்தவுடன் அதன் உடலிலுள்ள நொதியங்கள் சதையைச் சிதைக்கத் தொடங்குகின்றன. தீங்கு பயக்கும் பக்றீரியாக்களும் விரைந்து பெருகுகின்றன. எனவே, இறப்புக்கும் வேகுதலுக்கும் இடையே காலம் கழிதல் ஆகாது என்ற விதி உருவாயிற்று. இவ்விதியை நிறைவேற்ற எளிய வழியாகக் கண்டது உயிருள்ள இறாலை நேரே கொதிநீரில் இடுதல். தலைமுறை தலைமுறையாக வீட்டிலும் விடுதியிலும் நிலவிய வழக்கம் இதுவே.

இவ்வழக்கத்தை ஆதரிப்போர் பொதுவாகக் கூறும் சமாதானம், இறாலுக்கு நோவு தெரியாது என்பதாகும். இதன் வேர் பழைமையானது. விலங்குகளை உயிருள்ள பொறிகளாகக் கருதிய பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெய்யியலாளர் தேக்காட்டின் கொள்கையில், விலங்கின் அலறலும் பொறியொன்றின் கிறீச்சொலியும் பெரிதும் வேறுபட்டன அல்ல. விலங்குகளிடத்து மனிதருக்கு நேரடியான கடமை இல்லை எனவும், விலங்கை வதைப்பவர் மனிதரிடத்தும் வன்மனம் கொள்வர் என்பதாலேயே வதை தவிர்க்கத்தக்கது எனவும் இம்மானுவேல் கான்ற் கருதினார். இப்போக்கிலிருந்து விலகி, 1789ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலின் அடிக்குறிப்பு ஒன்றில், ஓர் உயிருக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்பன அல்ல, அது துன்புறக்கூடியதா என்பதே உரிய வினா என்று ஜெரமி பெந்தாம் நிறுவினார். 1975ஆம் ஆண்டில் விலங்கு விடுதலை பற்றி எழுதிய பீற்றர் சிங்கர் அவ்வினாவையே அடிப்படையாகக் கொண்டு, அறக்கருதுகைக்கு உரிய உயிர்களின் எல்லைக்கோட்டை இறாலுக்கும் சிப்பிக்கும் இடையே எங்கோ வரைந்தார். அக்கோட்டின்படி சிங்கி இறால் எல்லைக்கு உட்பட்டதேயாகும்.

வினா இவ்வாறு அமைந்த பின்னர் விடை காண்பது ஆய்வாளரின் பணியாகின்றது. சிங்கி இறாலுக்கு மனிதருக்குள்ளது போன்ற ஒருமித்த பெரிய மூளை இல்லை. உடலின் நீளத்துக்குத் தொடராக அமைந்த நரம்புத் திரட்டுகளே உள. அதற்குக் குரல்நாண் இல்லை. பானையினுள்ளே சில வேளைகளில் கேட்கும் ஒலி ஓட்டினின்று வெளியேறும் ஆவியால் ஆவதே. இவற்றைக்கொண்டு அது நோவற்றது எனச் சிலர் முடிவுசெய்வர். ஆயின், அலறாமை நோவின்மைக்குச் சான்றாகாது. மூளையின் அமைப்பு வேறுபட்டது என்பதும், உணர்வு இல்லை என்பதும் ஒன்றல்ல.

பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் எல்வூட் நடத்திய ஆய்வுகள் இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கவை. சங்கினுள் வாழும் துறவி நண்டுகளுக்கு மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்து அவற்றின் நடத்தையை அவர் தம் குழுவினருடன் நோக்கினார். தமக்கு விருப்பமான சங்கினுள் இருந்த நண்டுகளைவிட, விருப்பம் குறைந்த சங்கினுள் இருந்தவையே எளிதில் வெளியேறின. வெறும் அனிச்சைச் செயலாயின் சங்கின் தரம் எதுவாயினும் வெளியேற்றம் ஒரேதன்மையாய் இருத்தல் வேண்டும். நண்டோ தான் இழக்கப்போகும் வீட்டின் பெறுமதியையும் தான் படும் துன்பத்தையும் நிறுத்துப்பார்ப்பது போல் நடந்துகொண்டது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மின்னதிர்ச்சி கிடைத்த மறைவிடத்தை விட்டு மற்றைய மறைவிடத்தை நாடக் கரை நண்டுகள் விரைவிற் கற்றுக்கொண்டமை காட்டப்பட்டது.

இத்தகைய ஆய்வுகள் 300க்கு மேற்பட்டவற்றைப் பரிசீலித்த இலண்டன் பொருளியற் கல்லூரிக் குழுவொன்று, நண்டு, சிங்கி இறால் முதலியவற்றை உணர்திறன் உடையனவாகவே கொள்ளுதல் வேண்டுமென 2021ஆம் ஆண்டு நவம்பரில் அறிக்கையிட்டது. அதன்வழி 2022ஆம் ஆண்டு பிரித்தானிய விலங்குநல (உணர்திறன்) சட்டத்துள் அவை சேர்த்துக்கொள்ளப்பட்டன. அதற்கு முன்னரே, உணர்விழக்கச் செய்யாத சிங்கி இறாலைக் கொதிநீரில் இடுவதை 2018ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி தொடக்கம் சுவிற்சலாந்து தடைசெய்துவிட்டது. உயிருள்ள இறால்களைச் சமையலறையில் பனிக்கட்டியின்மேல் வைத்திருத்தல் நியாயப்படுத்தவியலாத துன்பம் எனவும், வழக்கம் என்பது அதற்குச் சமாதானமாகாது எனவும் இத்தாலியின் உயர்நீதிமன்றம் 2017ஆம் ஆண்டில் தீர்த்தது.

ஐயத்தின் பயன் யாருக்கு?

இவ்வளவும் கூறியபின்னரும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. ஓர் உயிரி நோவை விலக்கி நடக்கின்றது என்பதைக் காட்டலாம். அந்நோவு அதற்குள்ளே எவ்வாறு உணரப்படுகின்றது என்பதைக் காட்ட இயலாது. பிறிதொரு மனிதரின் பல்வலியைக்கூட எவரும் நேரே அறிவதில்லை. முகக்குறியாலும் சொல்லாலும் ஊகித்தே அறிகின்றனர். சிங்கி இறாலுக்கு முகக்குறியும் இல்லை, சொல்லும் இல்லை. ஆகவே, வினா இவ்வாறு திரும்புகின்றது: முற்றாக அறியமுடியாத நிலையில் எவ்வாறு நடந்துகொள்வது?

குற்றவியல் வழக்குகளில் ஐயத்தின் பயன் எதிரிக்கே அளிக்கப்படுகின்றது. குற்றமற்றவரைத் தண்டிப்பது குற்றவாளியை விடுவிப்பதிலும் பெரிய தீங்கு என்ற மதிப்பீடே அதற்குக் காரணம். இங்கும் இரு பிழைகளை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இறாலுக்கு நோவு இல்லாதிருக்க, உண்டெனக் கருதி எச்சரிக்கையாய் நடந்தால் சமைப்பவருக்கு ஏற்படும் இழப்புச் சில நிமிட வேலை மாத்திரமே. இறாலுக்கு நோவு இருக்க, இல்லையெனக் கருதிக் கொதிநீரில் இட்டாலோ, ஓர் உயிர் அணுவணுவாக வேகும் வேதனையை அனுபவிக்கின்றது. இவ்விரு தீங்குகளும் ஒரே தராசில் வைக்கத்தக்கன அல்ல. எச்சரிக்கையின் விலை இத்துணைச் சிறிதாயிருக்கும்போது, 'திட்டவட்டமாக நிறுவப்படவில்லை' என்று கூறித் தப்பிக்கொள்ளுதல் அறிவியல் நேர்மையன்று. வசதிக்குச் சூட்டிய நல்ல பெயரேயாகும்.

எச்சரிக்கையான முறைகள் இல்லாமலும் இல்லை. இதற்கென அமைந்த மின்கருவியினால் இறாலை ஒருசில கணங்களில் உணர்விழக்கச் செய்யலாம். கருவி இல்லாதவிடத்து, கூரிய கத்தியால் தலையிலிருந்து வால்வரை நடுக்கோட்டின் வழியே விரைந்து பிளக்கும் முறை உண்டு. தலையில் மட்டும் குத்துவது போதாது. நரம்புத் திரட்டுகள் உடல் நெடுகப் பரந்திருப்பதே அதற்குக் காரணம். பயிலாத கை தயங்கித் தயங்கிச் செய்யுமாயின் அதுவே கொடுமையாகும். ஆதலால் இங்கு இரக்கம் என்பது மனநிலை மட்டுமன்று, கைத்திறனுமாகும். இவ்வாறு கொன்ற உடனேயே சமைத்தால் சதை கெடுவதற்கு இடமில்லை, சுவையும் குன்றுவதில்லை. எனவே, நோவைத் தவிர்ப்பவர் றோலின் இன்சுவையில் எதனையும் இழப்பதில்லை. சுவையின் பெயரால் உயிருடன் வேகவைத்தலை ஆதரிக்கும் வாதம் இத்துடன் வீழ்கின்றது.

இனத்திற்குச் செய்யும் நீதி

மேய்ன் கரையோரத்துக் கடற்றொழிலாளரை இரக்கமற்றோர் என இதனால் எவரும் எண்ணிவிடலாகாது. இறாலிடத்து அவர்கள் காட்டும் ஒருவகைப் பொறுப்புணர்வு உலகின் மீன்பிடித் தொழில்களுள் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது. அம்மாநிலத்தில் கண்குழியிலிருந்து முதுகோட்டின் முடிவுவரை அளக்கும்போது 3¼ அங்குலத்துக்குக் குறைந்த இறாலையும் 5 அங்குலத்துக்கு மேற்பட்ட இறாலையும் கடலில் விட்டுவிடவேண்டும். முன்னது இன்னும் இனம்பெருக்காதது; பின்னது பெருந்தொகையாக முட்டையிட வல்லது. இவ்விரட்டை அளவு 1933ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. முட்டை தாங்கிய பெண்ணிறால் கூட்டில் அகப்பட்டால் அதன் வாற்செதிலில் முக்கோண வடிவான வெட்டொன்றை இட்டு விட்டுவிடுவர். பின்னர் அது முட்டையின்றி அகப்பட்டாலும் அவ்வடையாளத்தைக் காணும் வேறெவரும் அதனை எடுப்பதில்லை. முகமறியாத ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளிக்கு இறாலின் வாலிலே எழுதியனுப்பும் செய்தி இது எனலாம். துறைமுகந்தோறும் இயங்கும் இத்தகைய எழுதா ஒழுங்குகளை மானிடவியலாளர் ஜேம்ஸ் அச்செசன் 1988ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்வொழுக்கம் இனத்தை நோக்கியது, தனியுயிரை நோக்கியதன்று. சட்ட அளவுக்கு வளர இறாலுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். அவ்வாண்டுகளில் அதனைப் பலமுறை கூட்டிலிருந்து எடுத்து அளந்து மீண்டும் கடலில் விட்ட அதே கைகள், அளவு நிரம்பியதும் அதனைச் சந்தைக்கு அனுப்புகின்றன. இனம் நிலைக்கவேண்டும் என்பது ஒரு நீதி. இவ்வுயிர் துன்புறலாகாது என்பது மற்றொரு நீதி. முன்னதை நிறைவேற்றியவர் பின்னதையும் நிறைவேற்றியவராக மாட்டார். அவ்வாறே, பின்னதை மட்டும் பேசும் நகரத்து இரக்கவாதி முன்னதை மறந்துவிடுதலும் உண்டு. 1999ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் லோங் ஐலன்ட் நீரிணையில் சிங்கி இறால்கள் பெருந்தொகையாக மடிந்தன. அங்கு அத்தொழில் பின்னர் தலைநிமிரவில்லை. மில்போட் நகரம் அந்நீரிணையின் கரையிலேயே உள்ளது. றோல் பிறந்ததாகக் கூறப்படும் ஊரின் கடல் றோலுக்கு இறால் கொடுக்க இயலாததாயிற்று. வெப்பமுறும் கடல்நீரும் அதற்குக் காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. அக்கேட்டை விளைவித்ததில், இறாலைத் தொட்டும் அறியாத பலருக்கும் பங்குண்டு.

பணிஸ் மறைக்கும் உண்மை

2003ஆம் ஆண்டில் மேய்ன் மாநிலத்து றொக்லன்ட் நகரில் நடைபெற்ற சிங்கி இறால் விழாவுக்குச் சஞ்சிகை ஒன்றினால் அனுப்பப்பட்ட எழுத்தாளர் டேவிட் பொஸ்ரர் வொலஸ், விழாவின் களிப்பை வருணிப்பதோடு நில்லாது, நாவின் இன்பத்துக்காக உணர்வுள்ள உயிரை உயிருடன் வேகவைத்தல் தகுமா என்ற வினாவை உணவுப் பிரியரின் சஞ்சிகையிலேயே 2004ஆம் ஆண்டில் எழுப்பினார். முழு இறாலைத் தட்டில் பெறுபவர் அவ்வினாவை ஓரளவு எதிர்நோக்கியே ஆகவேண்டும். கண்களும் உணர்கொம்புகளும் அவர் முன்னே கிடக்கின்றன. றோல் உண்பவருக்கோ அந்த இக்கட்டு இல்லை. சதை வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பணிஸினுள் ஒடுங்கிக் கிடக்கின்றது. கடை வாயிலில் தொங்கும் பலகையில் இறாலின் படம் செக்கச்செவேல் என்றிருக்கும்; ஆயின் உயிருள்ள இறால் பெரும்பாலும் கரும்பச்சை நிறமுடையது. ஓட்டின் செந்நிறப்பொருள் புரதத்தோடு பிணைந்திருக்கும்வரை மறைந்திருந்து, வெப்பத்தால் அப்பிணைப்பு அறும்போதே வெளிப்படுகின்றது. எனவே, விளம்பரத்திற் சிரிப்பது வெந்த இறாலே. றோல் உண்பவர் அதனை அறியாமலே கடந்துசெல்கின்றார்.

இம்மறைப்பு அறப்பொறுப்பைக் குறைக்குமா? பௌத்த விநய மரபில், தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும், கேளாமலும், அவ்வாறு ஐயுறாமலும் இருந்தால் பிக்கு ஊனை ஏற்கலாம் என்ற விதி உண்டு. தொட்டியில் உலவும் இறாலைச் சுட்டிக்காட்டிச் சமைக்கச் சொல்பவர் இவ்வளவுகோலின்படி தவறுகின்றார். அது அவருக்காகவே கொல்லப்படுகின்றது. முன்னரே எடுத்துவைத்த சதையால் ஆன றோலை வாங்குபவர் மேலோட்டமாக நோக்கின் தப்பிவிடுகின்றார். ஆயின் அவ்விதி இரந்துண்ணும் துறவிக்கு வகுக்கப்பட்டது. தேர்ந்து, விலைகொடுத்து வாங்குபவரின் நிலை வேறு. திருவள்ளுவர் துறவறவியலில் புலான்மறுத்தலைக் கூறுமிடத்து இவ்வோட்டையை அடைத்துவிடுகின்றார். தின்பவர் இல்லையாயின் விலைக்குத் தருபவரும் இரார் என்பது அவர் வாதம். கொலையின் பொறுப்பு, கத்தி பிடித்த கையோடு நின்றுவிடாது, காசு நீட்டும் கைவரை வருகின்றது. றோல் வாங்குபவர் எந்த இறாலையும் சுட்டிக்காட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும் அடுத்த இறாலை அவரே வரவழைக்கின்றார்.

வள்ளுவரின் வாதம் இத்தோடு நில்லாது மேலுஞ் செல்கின்றது. நோவின்றிக் கொன்றாலும் கொலை கொலையே என்பது அவர் நிலைப்பாடு. இதற்கு விடையாக இறாலுண்போர் கூறத்தக்கது ஒன்றுண்டு: எதிர்காலத்தைத் திட்டமிடாத, தன் வாழ்வை ஒரு தொடர்கதையாக அறியாத உயிரி நோவின்றி இறப்பதால் அதற்கு நேரும் இழப்பு, மனிதருக்கு நேரும் இழப்புப் போன்றதன்று, அதனோடு, ஒரு கரையோரத்து மக்களின் பிழைப்பும் இத்தொழிலில் தங்கியுள்ளது. இவ்விடை பொருளற்றதன்று. ஆயின் அது முழுமையாக ஊன்றி நிற்பது, இறாலின் உள்ளம் எத்தகையது என்னும் ஊகத்தின்மேலேயே. நேற்று, அது நோவை உணராது என்று உறுதியாகச் சொன்னவர்களின் ஊகம் ஆட்டங்கண்டுவிட்டது. இன்றைய ஊகமும் நாளை ஆட்டங்காணலாம். மேலும், கடற்றொழிலாளரின் பிழைப்பைக் காட்டி வாதிடும் உரிமை அத்தொழிலாளருக்கு உண்டு. கோடைப் பொழுதைக் கழிக்க வந்த பயணி அதனைத் தன் நாச்சுவைக்குக் கேடயமாக்கிக்கொள்ளுதல் பொருந்தாது. அவருடைய தேவை பசியன்று, விருப்பமே.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் ஒரே உறுதிப்பாடு உடையன அல்ல. உணர்விழக்கச் செய்யாது சிங்கி இறாலைக் கொதிநீரில் இடுவதற்கு இனி நியாயம் எதுவும் இல்லை என்பது உறுதியாகக் கூறத்தக்கது. அதன் நோவு ஐயத்துக்கு இடமானது எனக் கொண்டாலும், ஐயத்தின் பயன் அவ்வுயிருக்கே உரியது. அதனை அளிப்பதால் சுவை எதுவும் குறைவதில்லை. கொல்வதையும் சமைப்பதையும் பிறரிடம் விட்டு றோலை மட்டும் வாங்குபவர்க்கும் இப்பொறுப்பில் பங்குண்டு என்பதும் உறுதியே. அவர் இறால் எக்கடலினின்று, எவ்வொழுங்கின்கீழ் எடுக்கப்பட்டது, எவ்வாறு கொல்லப்பட்டது எனக் கேட்கக் கடமைப்பட்டவர். கேட்பவர் பலராயின் விற்பவரின் வழக்கமும் மாறும்; தின்பவரே விற்பவரை ஆக்குகின்றார் என்னும் வள்ளுவரின் வாதம் இவ்விடத்து உண்பவரின் ஆற்றலையும் உணர்த்துகின்றது.

நோவின்றியும் கொல்லலாமா என்னும் வினாவில் உண்ணாதோரின் நிலைப்பாடே தருக்க வலிமை மிக்கது என்பதை உண்போர் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒப்புக்கொண்டும் உண்பவர் உளர். அவர்களை வேடதாரிகள் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், தம் செயலுக்கு முழுமையான நியாயம் கைவசம் இல்லை என்பதை அறிந்து, இயன்ற அளவு தீங்கைக் குறைத்து, வினாவை மூடிவிடாது வைத்திருப்பவருக்கும், வினாவே இல்லை என்பவருக்கும் இடையே வேறுபாடு உண்டு. பணிஸின் சூட்டையும் சதையின் மென்மையையும் எலுமிச்சையின் அளவையும் நுணுகிக் கவனிக்க அறிந்தவருக்கு, அச்சதைக்கு உரிய உயிரையும் கவனிக்கும் ஆற்றல் இல்லாமற் போகாது. அக்கவனம் சிலரை உண்ணாமைக்குக் கொண்டுசெல்லும். சிலரை அரிதாக, அறிந்து உண்பதற்குக் கொண்டுசெல்லும். இவ்விரு சாராரும் ஒருவரோடொருவர் தொடர்ந்து வாதிடுவதற்குப் பொதுவான களம் உண்டு. அவ்வாதத்தில் பேச இயலாத தரப்பாக நிற்பது சிங்கி இறால் ஒன்றே. ஆதலால் அதன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்கும் கடமை உண்போர், உண்ணாதோர் ஆகிய இருவருக்கும் உரியது.